ஆறு பேருக்கும் ஒரே மூஞ்சி

விருத்தாசலம்
11.8.2025

வேல்விழிக்கு,

உமைரா எழுதுகிறேன். எந்த உமைரா என்று கேட்க மாட்டாய் என்று நினைக்கிறேன். எட்டு வருஷத்துக்கு முன்னால் உன் நம்பரை ப்ளாக் செய்தது நான்தான். அதை இப்போது எடுத்துவிட்டு "ஹாய்" என்று ஆரம்பிக்க மனசு வரவில்லை. அதனால்தான் தபால். உன் படத்தின் டிரெய்லருக்குக் கீழே கம்பெனி விலாசம் போட்டிருந்தது.

கடைசியாக நான் தபால் ஆபீஸ் படி ஏறியது உன்னோடுதான், நம்ம கொரியா பாட்டுக்காரப் பையன்கள் லேண்டர்ன் சிக்ஸுக்கு லெட்டர் போட. "சியோலா? அது எந்த ஜில்லாம்மா?" என்று கவுண்டரில் கேட்டதும் நீ சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினாய். அதைப் படத்தில் வைத்திருக்கிறாய். நன்றாக வந்திருக்கிறது. படத்துக்கு 'ஆரஞ்சு முடிக்காரன்' என்று பேர் வைத்ததும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் பாராட்ட எழுதவில்லை.

படம் நம்ம ஊர்த் தியேட்டருக்கு வந்த அன்று அத்தா பீங்கான் யூனிட்டுக்கு லீவு விட்டார். பொம்மை வார்க்கிறவர்கள், சூளை பார்க்கிறவர்கள், பெயிண்ட் அடிக்கிற கண்ணம்மாள் அக்கா, எல்லாருக்கும் டிக்கெட் எடுத்தார். "நம்ம வேல்விழி புள்ள எடுத்த படம்டா. நம்ம வூட்டுல சோறு தின்ன புள்ள" என்று டீக்கடை வரைக்கும் சொல்லிவைத்தார். இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தார்.

அப்புறம் அந்தக் காட்சி வந்தது. தாடி வைத்த ஒரு பாய் வருகிறார். மகளுடைய அலமாரியிலிருந்து ஆறு பீங்கான் பொம்மைகளையும் எடுத்து ஒவ்வொன்றாகத் தரையில் அடிக்கிறார். இந்த வீட்டில் இனிமேல் பாட்டுச் சத்தம் கேட்கக் கூடாது என்கிறார். கண்ணம்மாள் அக்கா எழுந்து நின்று, "அடிப்பாவி மவளே, பொய்யி! ஒடச்சது நீதானடி!" என்று திரையைப் பார்த்துக் கத்தியது. பின்னால் இருந்தவர்கள் உட்காரச் சொல்லி அதட்டினார்கள்.

அந்தப் பொம்மைகளைச் செய்ததே அத்தாதான். உடைத்தது நீ. இது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், கண்ணம்மாள் அக்காவுக்கும் தெரியும். அத்தாவுக்குத் தாடி வளரவே வளராது, அதுகூட உனக்குத் தெரியும்.

வெளியே வந்து டி.வி.எஸ்.ஸை ஸ்டார்ட் பண்ணாமல் நின்றார். "நான் எப்பம்மா ஒடச்சேன்?" என்றார். இப்போது டீக்கடையில், "என்ன பாய், இன்னைக்கு எத்தினி பொம்ம ஒடச்சீங்க?" என்று கிண்டல் பண்ணுகிறார்களாம். சிரித்துக்கொண்டே வந்துவிடுகிறார். ஒரு வாரமாக டீயை யூனிட்டுக்கே வாங்கிவரச் சொல்லிக் குடிக்கிறார்.

அடுத்த மாதம் இந்தப் படம் ஓ.டி.டி.யில் வரப்போகிறதாம். என் வீட்டுக்காரர் பைரோஸ் குவைத்தில் ரூம்காரர்களோடு உட்கார்ந்து பார்ப்பார். உலகமே பார்க்கும். அதற்குள் அந்தக் காட்சியை எடுத்துவிடு. வேறு எதையும் உன்னிடம் நான் கேட்கவில்லை.

உமைரா


சென்னை
18.8.2025

உமைரா,

கவரில் உன் கையெழுத்தைப் பார்த்ததுமே அழுதுவிட்டேன். பிரித்துப் படித்தேன், அழுகை நின்று கோபம் வந்துவிட்டது. எட்டு வருஷமாக ஒரு வார்த்தை இல்லை. உன் கல்யாணத்தையே யாரோ போட்ட ஃபோட்டோவில்தான் பார்த்தேன். இப்போது வந்து காட்சியை வெட்டு என்று ஆர்டர் போடுகிறாய்!

உனக்கு நான் பொய் சொல்லப் போவதில்லை. முதலில் நான் வேறு மாதிரிதான் எழுதினேன். கதாநாயகியின் சிநேகிதியே வந்து உடைப்பதாக. தயாரிப்பாளர் தங்கதுரை சார் கேட்டுவிட்டு, "அந்தப் பொண்ணு ஒடச்சா ஜனங்க அவள வெறுத்துடுவாங்கம்மா. வேற யாராச்சும் ஒடைக்கட்டும்" என்றார். யார் என்று அவர் சொல்லவில்லை. உங்க அத்தாவைக் கொண்டுவந்து நிறுத்தியது நான்தான்.

ஆனால் அது முழுக்கப் பொய்யா? நீயே சொல். சென்னையில் ஒரு மாலில் ஒரே ஒரு நாள் நம்ம பசங்களுடைய கச்சேரிப் படம் போடுகிறார்கள். வீட்டுக்குத் தெரியாமல் காலை வண்டியில் போய்விட்டு ராத்திரிக்குள் திரும்புவது என்று இரண்டு பேரும்தான் முடிவு பண்ணினோம். நான் பெண்ணாடத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து ஜங்ஷனுக்கு வந்து, யூனிஃபார்மைப் பையில் திணித்துக்கொண்டு பிளாட்பாரத்தில் நிற்கிறேன். நீ வரவில்லை. வந்தது உங்க அத்தா! என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே ஒவ்வொரு பெட்டியாக எட்டிப் பார்க்கிறார். அவர் கையில் மாட்டினால் அடுத்த நிமிஷம் எங்கப்பாவுக்கு ஃபோன் போகும். எங்கப்பாவைப் பற்றி உனக்குத் தெரியாதா? தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்திருந்து அந்தப் பக்கமாக ஓடினேன். வண்டி போய்விட்டது. நான் அன்று பார்க்காத அந்தப் படத்தை இன்றுவரைக்கும் பார்க்கவில்லை.

உடைத்தது என் கைதான். உடைக்க வைத்தது யார்? உன்னை வீட்டில் நிறுத்திவிட்டு என்னைப் பிடிக்க வந்தவர் யார்?

அந்தக் காட்சிதான் டிரெய்லரில் ஓடுகிறது. விமர்சனம் எழுதியவர்கள் எல்லாரும் அதைத்தான் பேசுகிறார்கள். அதை எடுத்தால் படம் நொண்டும். இது என் முதல் படம், உமைரா. அடுத்தது கிடைக்குமா என்பதே இதை வைத்துத்தான். என்னால் முடியாது.

வேல்விழி


விருத்தாசலம்
25.8.2025

வேல்விழிக்கு,

இதைச் சொல்லவே கூடாது என்று இருந்தேன். நீ கேட்டுவிட்டாய், இப்போது கேள்.

அன்று காலை என்னால் பொய் சொல்ல முடியவில்லை. இட்லியைப் பிட்டுக்கொண்டே இருந்தேன், வாய்க்குப் போகவில்லை. "என்னம்மா?" என்று அத்தா கேட்டதும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். திட்டவில்லை. "இதுக்கு ஏம்மா திருட்டுத்தனம்? நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார். அம்மாவிடம், "ரஹ்மத்து, சோத்தக் கட்டு, புள்ளைங்க பசி தாங்காது" என்றார். நீ தனியாக வண்டி ஏறிவிடுவாயோ என்று பயந்து, அவர் முதலில் டி.வி.எஸ்.ஸில் கிளம்பினார். நானும் அம்மாவும் தக்காளிச் சோற்றுத் தூக்கோடு பின்னால் ஆட்டோவில் வந்தோம். நாங்கள் வந்தபோது அவர் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்தார், சட்டைப் பையில் மூன்று டிக்கெட்டோடு. அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று, உனக்கு ஒன்று. நீ இல்லை. நீ இல்லாமல் நான் போக மாட்டேன் என்றேன். திரும்பி வந்தோம்.

உன்னைப் பிடிக்க வரவில்லை, வேல்விழி. உன்னைக் கூட்டிப்போக வந்தார்.

சாயங்காலம் நீ வந்தாய். அவர் வாயைத் திறப்பதற்குள் அலமாரியில் இருந்த பொம்மைகளைக் கையால் வழித்துத் தள்ளினாய். அந்த ஆறு பொம்மையும் எப்படி வந்தது என்று உன் படத்தில் இல்லையே, நான் சொல்கிறேன். என் பிறந்த நாளுக்காக அத்தா செய்தது. கொரியாக்காரர்கள் அச்சுக்கு எங்கே போவார்? கொலுவுக்கு வார்க்கிற கிருஷ்ணர் அச்சுதான் இருந்தது. அதில் வார்த்து, மண் காய்வதற்குள் புல்லாங்குழலை வெட்டி எடுத்து மைக் வைத்தார். மயிலிறகை மேலே தூக்கிச் சீவிவிட்டார், அது ஸ்டைல் முடி ஆகிவிட்டது. காலை மாற்றி நிற்பது டான்ஸ் ஸ்டெப் மாதிரியே இருக்கிறது என்று நீதானே துள்ளிக் குதித்தாய்! கண்ணம்மாள் அக்கா ஒருத்தனுக்கு ஆரஞ்சு, ஒருத்தனுக்கு ஊதா என்று தலைக்குத் தலை பெயிண்ட் அடித்தது. "ஆறு பேருக்கும் ஒரே மூஞ்சியா இருக்குதே அத்தா" என்றேன். "அண்ணன் தம்பிங்கன்னு வெச்சுக்கம்மா" என்றார்.

அதையெல்லாம் தள்ளிவிட்டு நீ என்ன சொன்னாய்? "உங்க ஆளுங்களே இப்படித்தான். பொண்ணுங்களப் பூட்டி வெப்பீங்க." அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டது. அத்தா உன்னிடம் சொன்னது ஒன்றே ஒன்று: "பாத்து புள்ள, கால்ல பீங்கான் குத்திடும், செருப்பப் போட்டுக்க." அந்த வசனம் உன் படத்தில் எங்கே?

பாட்டுக் கேட்டதற்காக அடி வாங்கியது நீ, உங்க அப்பா ஆனந்தராஜிடம். இயர்ஃபோனைப் பிடுங்கிக் கரும்பு டிராக்டர் அடியில் போட்டவர் அவர். ஸ்கூல் விட்டு, பஸ் வருகிற வரைக்கும் எங்கள் வீட்டில் சத்தமாகப் பாட்டு வைத்து ஆடிவிட்டுப் போவாய். படத்தில் உங்க அப்பா எங்கே? அவர் தியேட்டருக்கு வந்து பார்த்துவிடுவார் என்று பயம். எங்க அத்தா பார்த்தால் பரவாயில்லை, அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். அப்படித்தானே?

அத்தாவிடம் ஒரு அச்சுதான் இருந்தது, அதனால் ஆறு பேருக்கும் ஒரே மூஞ்சி வைத்தார். நீ படித்தவள், சினிமாக்காரி. சினிமாவில் எல்லா பாய்க்கும் வைக்கிற மூஞ்சியையே எடுத்து எங்க அத்தாவுக்கும் வைத்துவிட்டாய்.

உமைரா


சென்னை
4.9.2025

உமைரா,

மூன்று டிக்கெட் என்று நீ எழுதிய இடத்தைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை. அடுத்த நாள்தான் மீதியைப் படித்தேன்.

எனக்கு ஏன் சொல்லவில்லை? அன்று சாயங்காலமே சொல்லியிருக்கலாமே. ஓங்கி ஒரு அறை கொடுத்துவிட்டாவது சொல்லியிருக்கலாமே. ப்ளாக் பண்ணிவிட்டுப் போய்விட்டாய். எட்டு வருஷமாக உங்க அத்தாவின் மேல் கோபத்தை வளர்த்து, அதை வைத்துக் கதை எழுதி, அதை விற்று, அதற்குக் கைதட்டலும் வாங்கிவிட்டேன். நினைத்தாலே உடம்பு கூசுகிறது.

எங்கப்பாவைப் பற்றி நீ எழுதியது சரிதான். அவரை வைத்து ஒரு வரிகூட எழுத எனக்குத் தைரியம் இல்லை. உங்க அத்தா என்றால் கை தாராளமாக எழுதியது. ஏன் என்று நீயே சொல்லிவிட்டாய்.

தங்கதுரை சாரிடம் போனேன். "தெரிஞ்சுதான் பேசறியா? அந்தக் காட்சிய வெச்சுத்தான் வித்துருக்கேன்" என்று கத்தினார். அழுதேன், சண்டை போட்டேன். கடைசியில், வெட்டிக்கொள், ஆனால் அடுத்த படம் என்று என் ஆபீஸ் வாசல்படி ஏறாதே என்று சொல்லிவிட்டார். சரி என்றேன். எடிட்டிங் ரூமில் உட்கார்ந்து நானே வெட்டினேன். மறுபடி எடுக்க வழியில்லை. அதனால் பொம்மைகள் அலமாரியில் இருக்கின்றன, அடுத்த காட்சியில் அலமாரி காலியாக இருக்கிறது. நடுவில் ஒன்றும் இல்லை. பார்க்கிறவனுக்கு ஒன்றும் புரியாது. புரியாவிட்டால் போகட்டும்.

உங்க அத்தாவை மாமா என்றுதானே கூப்பிடுவேன், அந்த மாமாவிடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நீ ஒன்றும் சொல்லாதே.

வேல்விழி


விருத்தாசலம்
22.9.2025

வேல்விழி,

ஓ.டி.டி.யில் பார்த்தோம். டி.வி.யில் போட்டுவிட்டு அத்தாவைக் கட்டாயப்படுத்தி உட்கார வைத்தேன். அந்த இடம் வந்தது, போய்விட்டது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டது. பைரோஸ் குவைத்திலிருந்து ஃபோன் பண்ணி, "அந்த அலமாரி ஏன் காலியாச்சு? ஒண்ணும் வெளங்கலயே" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

நீ இதற்கு என்ன விலை கொடுத்தாய் என்று அத்தாவிடம் சொன்னேன். சொல்லாதே என்று நீ எழுதியிருந்தாய், ஆனாலும் சொன்னேன். கோபித்துக்கொண்டார். உன் மேல் இல்லை, என் மேல்! "உன்ன யாரும்மா கேக்கச் சொன்னா? அந்தப் புள்ளைக்கு மொதப் படம். நான் ஒடச்ச மாதிரியே இருந்துட்டுப் போவுது. எனக்கு என்ன கொறஞ்சிடும்?" என்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாவது நாள் வந்து, "படத்துல பொம்ம சரியில்லம்மா. ஆறுக்கும் ஆறு மூஞ்சி வெச்சுருக்காங்க. நம்மகிட்ட கேட்டுருந்தா வார்த்துக் குடுத்துருப்பேன்" என்றார். அதுதான் அவருக்கு வருத்தம் போல.

ஆனால் ஊர்க்காரர்கள் தியேட்டரில் பார்த்தது பார்த்ததுதான். டீக்கடைக்கு அவர் இன்னும் போகவில்லை. அவர்கள் யாரும் ஓ.டி.டி.யில் மறுபடி பார்க்கப் போவதில்லை.

நீ வா. வந்து டீக்கடைக்கு அவரோடு நடந்து போய் ஒரு டீ குடி, போதும். பேச வேண்டாம், மன்னிப்புக் கேட்க வேண்டாம். நீ அவர் பக்கத்தில் நிற்பதை அந்த ஊர்வாய்கள் பார்க்கட்டும். எந்த வண்டி என்று எழுது. அத்தா ஸ்டேஷனுக்கு வருகிறேன் என்கிறார். வேண்டாம் என்றால் கேட்கிற ஆளா?

நீ கேட்டாயே, அன்றே ஏன் சொல்லவில்லை என்று. நீ சொன்ன சொல் அப்படி. நானாகப் போய்ச் சொன்னால் அது எங்கள் வீட்டுக்கு நான் வக்காலத்து வாங்குகிற மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். எங்க அத்தா நல்லவர் என்று உனக்கு நான் நிரூபிக்க வேண்டுமா? அந்த வீம்புதான். அந்த வீம்பில் எட்டு வருஷம் போய்விட்டது. அதில் பாதித் தப்பு என்னுடையது.

உமைரா


சென்னை
7.10.2025

உமைரா,

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று எழுதிவிட்டு ஏன் வரவில்லை என்று கேட்பாய். வந்தேன்.

வண்டியிலிருந்து கடைசிப் பெட்டியில் இறங்கினேன். கையில் பை. படத்துக்காகச் செய்ததில் உடைக்காமல் மிச்சமிருந்த ஆறு பொம்மைகளும் அதில் இருந்தன. மாமா சிரிப்பார் என்று எடுத்து வந்தேன். தூரத்தில் அவரைப் பார்த்தேன். முடி வெளுத்துவிட்டது. ஒரு காலை இழுத்து இழுத்து நடக்கிறார். ஒவ்வொரு பெட்டியாக எட்டிப் பார்த்துக்கொண்டே, "வேல்விழி... வேல்விழி புள்ள..." என்று கூப்பிட்டுக்கொண்டே வருகிறார்.

அதே குரல். எனக்கு என்ன ஆயிற்று என்று சொல்லத் தெரியவில்லை. இந்தக் குரலுக்கு அன்று பயந்து ஓடினேன். இன்று பயம் இல்லை. ஆனால் இந்த மனுஷன் முகத்தை எந்த முகத்தோடு பார்ப்பேன்? கால் தானாகப் போய்விட்டது. அதே தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்தான் போய் நின்றேன். அவர் வந்தார், நின்றார், திரும்பிப் போனார். நான் மேம்பாலம் ஏறி அந்தப் பக்கம் இறங்கி, ஆட்டோ பிடித்து, பஸ் ஏறி வேப்பூர் போய்விட்டேன். அங்கே ரோட்டோர ஹோட்டலில் ஒரு டீயை வாங்கி வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் சென்னை பஸ்ஸைப் பிடித்தேன்.

நான் வரவில்லை என்றே மாமாவிடம் சொல்லிவிடு. வேலை வந்துவிட்டது என்று சொல். இனிமேல் நான் அந்த ஊருக்கு வருவேன் என்று தோன்றவில்லை. என்னை மறந்துவிடச் சொல்.

வேல்விழி


விருத்தாசலம்
28.10.2025

வேல்விழி,

உனக்கு இனி எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். அத்தா சொல்லித்தான் எழுதுகிறேன்.

அன்று அவர் ஸ்டேஷனிலிருந்து வந்ததும், "அவ வரலயா அத்தா?" என்று கேட்டேன். "வரல போலம்மா" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். அம்மா உனக்காகச் செய்த தக்காளிச் சோற்றை நாங்களே சாப்பிட்டோம். உன் கடிதம் வந்ததும் எனக்கு வந்த கோபத்தில், வேலை என்று பொய் சொல்லத் தோன்றவில்லை. அப்படியே படித்துக் காட்டினேன். தண்ணீர்த் தொட்டி வந்ததும் அவர் சிரித்தார்.

"தெரியும்மா. பச்ச சுடிதாரு. துப்பட்டா வெளிய தொங்கிட்டு இருந்துச்சு."

"பாத்தீங்களா? அப்புறம் ஏன் அத்தா கூப்பிடல?"

அத்தா சொன்னார்: "அன்னைக்கும் பாத்தேன்மா. இதே எடத்துல. ஸ்கூல் பைய நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நின்னுச்சு. பொம்பளப் புள்ள, நாலு பேரு முன்னால கையப் புடிச்சு இழுக்கவா முடியும்? பயந்துடும், தானா வரும்னு பாக்காத மாதிரி திரும்பி வந்துட்டேன். டிக்கெட்டு எடுத்துருக்கேன், வா புள்ளன்னு ஒரு சத்தம் குடுத்துருந்தா போதும். நீங்க ரெண்டு பேரும் இப்படி ஆயிருக்க மாட்டீங்க. தப்பு என்னுதும்மா. இப்பவும் அதையேதான் பண்ணிட்டு வந்துட்டேன்."

இத்தனை வருஷமாக அம்மாவிடம்கூட அவர் இதைச் சொன்னதில்லை. நீ உன்னை நினைத்து அழுதாய், நான் என்னை நினைத்து அழுதேன். அவர் தனியாக இதை வைத்துக்கொண்டு பொம்மை வார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமையானால் அந்த வண்டி நேரத்துக்கு டி.வி.எஸ்.ஸை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார். முட்டி வலி, கேட்பதில்லை. "அவ வரேன்னு எழுதலயே அத்தா" என்றால், "எழுதிட்டு வந்தப்ப மட்டும் வூட்டுக்கு வந்துச்சா?" என்கிறார். வண்டி போனதும் திரும்பி வந்து ஒன்றும் நடக்காத மாதிரி சாப்பிடுகிறார். டீக்கடைக்காரர்கள் இப்போது இதையும் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

உன்னை மறக்கச் சொல்லி எழுதியிருந்தாய். அதை நீயே வந்து அவரிடம் சொல். நான் சொல்ல மாட்டேன்.

ஒன்று மட்டும் உன்னிடம் சொல்லச் சொன்னார். இந்தத் தடவை நீ எதற்குப் பின்னால் நின்றாலும் பாக்காத மாதிரி திரும்பப் போவதில்லையாம். கிட்டே வந்து நின்று, ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி பேர் சொல்லிக் கூப்பிடப் போகிறாராம். கூப்பிட்டால் ஓடாதே, வேல்விழி. அவரால் பின்னால் ஓடி வர முடியாது.

உமைரா